வெளி நட்டு தளர்கிறது. உள் நட்டைப் பார்த்தீர்களா?

மோல்மேனிலிருந்து பெகு வரை கருங்கல் ஜல்லி ஏற்றிச் செல்லும் அன்பர் ஒருவர் தமது லாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஜப்பானில் ஓடிப் பழையதாக இங்கு வந்த வண்டி. சக்கரத்துக்கு எட்டு ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரையிட்ட தண்டு. பின்னால் இரட்டை டயர். இடப்பக்கப் பின்சக்கரத்தின் நட்டுகள் மட்டும் வாரம் தவறாமல் தளர்கின்றன. ரென்ச்சின் பிடியில் பைப் போட்டு முறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. ஒரு ஸ்டட் முறிந்ததும் எட்டையும் புதிதாக மாற்றினார், அப்படியும் நிற்கவில்லை. இனி மரையில் லாக்டைட் பசை தடவலாமா, அல்லது நட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்கிறார். நட்டை எதைக் கொண்டு பூட்டுவது என்பதுதான் அவர் எழுதியிருக்கும் கேள்வி. அதற்குள் இருக்கும் கேள்வியோ, ஒவ்வொரு முறையும் ஏற்றிவிடுகிற இறுக்கம் ஒரு வாரத்துக்குள் எங்கே போய்விடுகிறது என்பது. நான் அதற்கே விடை சொல்ல முயல்கிறேன்.

ரங்கூனில் 30 ஆண்டுகளுக்கு மேலாக லாரிப் பட்டறை வேலையில் இருப்பவன் நான். கையில் வந்தவற்றுள் பெரும்பாலானவை இதே வகை ஜப்பானிய வண்டிகள். ஆயினும் உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை, சுத்தியலால் தட்டிக் கேட்கவும் இல்லை. ஆகவே கீழே எழுதுவதில் எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். பசை, வெல்டிங் இரண்டும் வேண்டாம் என்பது உறுதி. பிரேக் டிரம்மின் சூட்டில் பசையின் பிடி தளரும். அதைவிட முக்கியமாக, சக்கரம் மாட்டியபின் நட்டை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும் என்னும்போது, காய்ந்த பசை அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கும். வெல்டிங்கின் சூடோ பதம் ஏற்றிய ஸ்டட்டின் உரத்தைக் கெடுத்துவிடும். நள்ளிரவில் சித்தாங் பாலத்துக்கு அந்தப் பக்கம் டயர் பஞ்சரானால், வெல்டிங் வைத்த நட்டை என்ன செய்வீர்கள்?

சக்கரத்தை ஹப்பில், அதாவது அச்சின் நுனியில் சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் பாகத்தில், நிறுத்தி வைப்பது எது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆணியில் மாட்டிய சட்டையைப் போல ஸ்டட்டின் மேல் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் ஸ்பிரிங்கைப் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கர டிஸ்க்கை, அதாவது ஸ்டட்டுக்கு ஓட்டை போட்ட நடுத்தகட்டை, ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. சரக்கின் பாரத்தையும் பிரேக்கின் வேகத்தையும் தாங்குவது அந்த இரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வே. அழுத்தம் குறைந்தால் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு நகரத் தொடங்கும். நகர்ந்தால் ஸ்டட் பக்கவாட்டில் வளைந்து நிமிரும். அதன்பிறகு நட்டு கழல்வதும் ஸ்டட் முறிவதும் நாள் கணக்குதான். உங்கள் வண்டியில் ஸ்டட் முறிந்தது தனி நோயன்று. தளர்ந்து ஓடிய நாட்களின் விளைவு அது. ஸ்டட்டை மட்டும் மாற்றியும் தளர்ச்சி நிற்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி உங்கள் வண்டிக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். எட்டு ஸ்டட் 285 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த பழைய ஜப்பானிய முறையில், பின் இரட்டைச் சக்கரத்தின் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒன்றல்ல, இரண்டு நட்டுகள் உண்டு. முதலில் ஸ்டட்டின் மேல் உள் நட்டு ஏறுகிறது; அது உள் சக்கரத்தை மட்டும் ஹப்போடு அழுத்துகிறது. அந்த உள் நட்டுக்கு வெளிப்புறத்திலும் மரை உண்டு. அதன்மேல் வெளிச் சக்கரத்தை மாட்டி, 41 மி.மீ. அறுகோணத் தலை கொண்ட வெளி நட்டை முறுக்குகிறோம். வெளியில் நின்று பார்ப்பவனுக்கு அந்த வெளி நட்டு தெரியும். அதன் நடுவில் உள் நட்டின் சதுர முனை மட்டும் எட்டிப் பார்க்கும். உள் நட்டு தளர்ந்திருந்தால், வெளி நட்டை நீங்கள் எத்தனை முறுக்கினாலும் அஸ்திவாரம் ஆடுகிற வீட்டுக்கு ஓடு மாற்றுகிற வேலையாகவே முடியும். உள் சக்கரம் நகரும். அதன் மேல் சாய்ந்திருக்கும் வெளிச் சக்கரமும் நகரும். வெளி நட்டு தளரும். நீங்கள் அதை மறுபடி முறுக்குவீர்கள். ஒரே பக்கம், ஒரே சக்கரம், வாராவாரம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என் மனம் முதலில் போனது இங்கேதான். இது ஊகம், ஆனால் பலமான ஊகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டி இதே புகாரோடு என் பட்டறைக்கே நான்கு முறை வந்து போயிற்று. மூன்று முறை எங்கள் பையன்கள் வெளி நட்டை இறுக்கி அனுப்பிவிட்டார்கள், நானும் நின்று கேட்கவில்லை. நான்காம் முறை வெளிச் சக்கரத்தையே கழற்றச் சொன்னேன். எட்டு உள் நட்டுகளில் மூன்று வெறும் கையால் சுழன்றன. உரிமையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

உள் நட்டை இறுக்க வெளிச் சக்கரத்தை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு வெளி நட்டுகளை மட்டும் தளர்த்துங்கள். அந்த நான்கு இடத்திலும் சதுர முனையில் 21 மி.மீ. சாக்கெட் போட்டு உள் நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். உடனே அந்த நான்கு வெளி நட்டுகளையும் குறித்த அளவுக்கு முறுக்கிவிடுங்கள். அதன்பின் மீதி நான்குக்கும் அதையே செய்யுங்கள். எட்டையும் ஒரே வேளையில் தளர்த்தக்கூடாது. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டை முறுக்க முனைந்தாலும் பயனில்லை, ஏனெனில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கை வலிக்குமே தவிர உள் சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. சாலையோர டயர் கடைகளில் இந்த வரிசையைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் குறைவு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது இடப்பக்கம் என்பதன் சிக்கல். இந்தப் பழைய முறையில் வண்டியின் வலப்பக்கச் சக்கரங்களுக்கு வழக்கமான மரையும், இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் முறுக்கினால் இறுகும் எதிர்மரையும் இருக்கும். மிதிவண்டியின் இடது பெடலுக்கு எதிர்மரை வைப்பது எதற்காகவோ, அதற்காகவே இதுவும்: சக்கரம் முன்னோக்கி உருளும்போது நட்டு சிறுகச் சிறுகக் கழன்று வரும் போக்கைக் குறைக்க. ஏற்பாடு நல்லதுதான், ஆனால் அதை அறியாத கையில் இது இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. கழற்ற வந்த பையன் வழக்கமான திசையில் காற்றுத் துப்பாக்கியை, அதாவது காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவியை, வைத்து அழுத்தும்போது, நட்டு கழல்வதற்குப் பதிலாக மேலும் முறுகும். அவன் தவறை உணர்வதற்குள் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். மாட்டும்போது வேறொரு கேடு. பல காற்றுத் துப்பாக்கிகளில் விசையைக் குறைக்கும் திருகு முன்திசைக்கு மட்டுமே வேலை செய்யும். பின்திசையில் முழு விசையும் போகும். எதிர்மரை நட்டை இறுக்குவது பின்திசையில் அல்லவா? ஆகவே வலப்பக்கத்துக்கு அளவாக விழும் அடி, இடப்பக்கத்துக்கு அளவில்லாமல் விழுகிறது. உங்கள் புதிய ஸ்டட்டுகள் அந்த அடியைத் தாங்கியிருந்தாலும், அவற்றின் ஸ்பிரிங் தன்மை போயிருக்கக்கூடும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பர்மாவில் 1970இல் போக்குவரத்தைச் சாலையின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள்; ஆனால் ஜப்பானிலிருந்து வரும் வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. எனவே ஓட்டுநர் இறங்குவது சாலையின் ஓரத்தில், வலப்பக்கச் சக்கரங்களுக்கு அருகில். தேநீர் குடிக்க நிறுத்தினாலும் அவர் கண்ணில் படுவதும் காலால் தட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்து டயரைத்தான். இடப்பக்கமோ வண்டிகள் விரைந்து போகும் நடுச்சாலையை நோக்கி இருக்கிறது. அங்கே குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது. இடப்பக்க நட்டு உண்மையிலேயே அதிகம் தளர்கிறதா, அல்லது வலப்பக்கத்தில் தொடக்கத்திலேயே கண்டு இறுக்கிவிடுவதால் அப்படித் தோன்றுகிறதா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

ஜப்பானிலேயே கனரக வண்டிகளில் சக்கரம் கழன்று ஓடிய விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை இடப்பக்கப் பின்சக்கரத்தில் நடந்தவை என்பதும், பனிக்கால டயர் மாற்றும் குளிர்மாதங்களில் அவை கூடுகின்றன என்பதும் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குகளில் காணப்படுவன. டயர் மாற்றிய சில வாரங்களில் நேர்கிறது என்பதால், மாட்டும் வேலையின் குறையே முதற்காரணம் என்று கொள்ளலாம். ஆனால் ஏன் இடப்பக்கம் என்பதற்கு அங்கே சொல்லப்படும் விளக்கங்களை இங்கே அப்படியே எடுத்துவந்து ஒட்டக்கூடாது. சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால் பாரம் அந்தப் பக்கம் கூடுகிறது என்றும், வேகமாக வலப்பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் அதிகம் சுமக்கிறது என்றும், இடப்பக்கம் ஒடித்துத் திரும்பும்போது உள்ளே நிற்கும் பின்சக்கரம் முறுக்கப்படுகிறது என்றும் சொல்கிறார்கள். இவை சாலையின் இடப்பக்கம் ஓடும் நாட்டுக்குப் பொருந்தும் காரணங்கள். நம் சாலைகளில் கணக்கு தலைகீழ். ஆகையால் "இடப்பக்கம் என்றாலே அப்படித்தான்" என்று டயர் கடையில் சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, முகங்களின் சுத்தம். இறுக்கம் குறைய நட்டு சுழலத்தான் வேண்டும் என்பதில்லை. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில், இரண்டு டிஸ்க்குகளுக்கும் இடையில், நட்டு அமரும் குழிவான இருக்கையில் துரு, சேறு, பெயின்ட் என எது இருந்தாலும் ஓட்டத்தில் அது நசுங்கி மெலியும். எத்தனை மெலிகிறதோ அத்தனை ஸ்டட் சுருங்கிக்கொள்ளும். ஸ்டட் நீண்டிருப்பதே மயிரிழை அளவுதான் என்பதால், ஒரு பெயின்ட் படலம் நசுங்கினாலே அழுத்தத்தின் பெரும்பங்கு போய்விடும். நம் ஊரில் வண்டியைப் புதுப்பிக்கும்போது ரிம்முக்கும் டிரம்முக்கும் சேர்த்து மூன்று கை பெயின்ட் அடித்து, நட்டு அமரும் இடத்தையும் விடாமல் பளபளப்பாக்கிவிடுவது வழக்கம். கண்ணுக்கு அழகு, நட்டுக்குப் பகை. அந்த முகங்களைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள். மழைக்காலத்தில் குவாரிச் சேறு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் புகுந்துகொள்வதால், மாட்டும் நேரத்திலும் கழுவித் துடைக்க வேண்டும். சுத்தமான முகமும் கொஞ்சம் அமரவே செய்யும் என்பதால்தான், சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். இந்த மறு இறுக்கத்தில் உள் நட்டும் சேர்த்தி.

எவ்வளவு இறுக்குவது? இவ்வகை எட்டு ஸ்டட் சக்கரங்களுக்குப் பொதுவாக 550 முதல் 600 நியூட்டன் மீட்டர் வரை குறிக்கப்படுகிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்காகச் சொல்வதானால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 60 கிலோ, நம் கணக்கில் ஏறக்குறைய 37 வீசை, எடையுள்ள ஒருவர் குலுக்காமல் நின்றால் கிடைக்கும் முறுக்கு அது. இரண்டு மீட்டர் பைப்பின் நுனியில் இரண்டு பேர் ஏறி மிதித்தால் அதைப்போல நான்கு மடங்கு. அத்தனை முறுக்கில் ஸ்டட் தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிடும். பிறகு அது ஸ்பிரிங் அன்று, வெறும் கம்பி. பைப் போட்டு முறுக்கியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பைப் போட்டதாலேயே நிற்காமலும் இருக்கலாம். மரையிலும் நட்டின் உருண்டை முகம் அமரும் இருக்கையிலும் எஞ்சின் ஆயிலை மெல்லியதாகத் தடவுவது இந்த ஜப்பானிய முறைக்கு உரியது. கிரீஸோ, மாலிப்டினம் கலந்த பசையோ வேண்டாம். வழுக்கல் கூடினால் அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். ஒற்றை நட்டும் தட்டையான வாஷரும் கொண்ட பத்து ஸ்டட் வண்டிகளுக்கு எண்ணெய் இடும் இடம் வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

நீங்கள் மாற்றிய புதிய ஸ்டட்டுகளைப் பற்றியும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. பழைய ஸ்டட் ஒன்று கையில் இருந்தால் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். உள் நட்டின் முனை மூடியிருக்கும். ஸ்டட் சற்று நீளமாக இருந்தால், டிஸ்க்கை அழுத்துவதற்கு முன்பே ஸ்டட்டின் நுனி நட்டின் அடியில் முட்டி நின்றுவிடும். ரென்ச்சுக்கு இறுகியதாகவே தெரியும், டிஸ்க்குக்கோ பிடி கிடைத்திருக்காது. இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம் போட்டிருந்தால் எதிர்மாறான தொல்லை: அலுமினிய டிஸ்க் தடிமனானது என்பதால் அதற்குரிய நீளமான ஸ்டட்டும் உள் நட்டும் வேண்டும், இல்லையேல் மரை போதிய சுற்றுகள் பிடிக்காது. நட்டிலும் ஸ்டட்டிலும் இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு ஆர் என்னும் ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பதையும் சரிபாருங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய உள் நட்டுகளில் உருண்டை முகம் தேய்ந்து ஓரம் கூராகியிருந்தால் அவற்றைத் தூக்கிப் போடுவதே லாபம்.

குறை எங்கே என்று பிரித்தறிய நான் கையாளும் வழி எளியது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, உள்ளும் வெளியுமாக அளவோடு இறுக்கியபின், வெளி நட்டிலிருந்து உள் நட்டின் சதுர முனைக்கும், வெளி நட்டிலிருந்து டிஸ்க்குக்கும் குறுக்காக வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். நூறு கிலோமீட்டர் ஓடி வந்ததும் கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது; அப்படியானால் உள் நட்டையும், குழிவான இருக்கைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கோடு விலகாமலே ரென்ச்சுக்கு நட்டு இளகலாக இருந்தால், முகங்கள் அமர்ந்திருக்கின்றன அல்லது ஸ்டட் இழுபட்டிருக்கிறது. இரண்டாம் முறை இறுக்கியபின் நின்றுவிட்டால் முன்னது, மூன்றாம் நான்காம் முறையும் இளகினால் பின்னது. நட்டில் மாட்டுவதற்கென்று இப்போது கடைகளில் விற்கும் மஞ்சள் அம்புகளும் சுழற்சியை மட்டுமே காட்டும், சுழலாமல் போகும் இறுக்கத்தைக் காட்டா. இதற்கும் விடை கிடைக்காவிட்டால் இடப்பக்க ரிம்களை வலப்பக்கத்துக்கும் அங்குள்ளதை இங்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நட்டுகளை மட்டும் அந்தந்தப் பக்கத்திலேயே விட வேண்டும். தளர்ச்சி ரிம்மோடு போனால் டிஸ்க் கெட்டது; இடப்பக்கத்திலேயே தங்கினால் ஹப்பின் முகம், டிரம், ஸ்டட் ஆகியவற்றில் ஒன்று. டிரம் மாற்றிய பிறகுதான் இத்தொல்லை தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதன் முகம் சமமாகக் கடையப்படாமல் இருந்த வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஹப் பேரிங் ஆட்டத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சோதிப்பது நல்லது, ஆனால் நட்டு தளர்வதற்கு அது மட்டுமே காரணமாக இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு, நட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மறுபக்கத்தில் இறுகும் திசையில் தட்டுங்கள். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும், விரலுக்கு அதிர்வு ஒரே சீராக வரும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நட்டைச் சுற்றி டிஸ்க்கில் கதிர்போலத் துருக்கோடுகள் வழிந்திருந்தால், ஒலி எப்படியிருந்தாலும் அங்கே அசைவு இருக்கிறது. ஒரு ஸ்டட் முறிந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும், இரண்டோ அதற்கு மேலோ முறிந்தால் எட்டையும் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடியிருந்தாலோ, ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ அந்த ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். லாரியை நிறுத்திவிட்டு வேறு ரிம் தேடுங்கள்.

வெளிச் சக்கரத்தை இந்த வாரமே ஒருமுறை முழுமையாகக் கழற்றுங்கள். உள் நட்டுகளில் எத்தனை தளர்ந்திருந்தன, அவை அடுத்தடுத்தவையா அல்லது சிதறியவையா, உள் டிஸ்க்கின் இருக்கைகள் எந்த வடிவில் இருக்கின்றன என்று குறித்து எழுதினால், அந்த ரிம்மை இன்னும் ஓட்டலாமா என்பதை அடுத்து என்னால் சொல்ல முடியும்.